உலக மதங்களை அடுப்படியில் படித்தவள்

விகாரைக்குப் போனால் நாங்கள் எல்லாரும் முன்வாசலில் செருப்பைக் கழற்றுவோம். அவள் மட்டும் பின்வாசலில் கழற்றுவாள். கோயிலானாலும் பள்ளிவாசலானாலும் மாதா கோயிலானாலும் அப்படித்தான். அடுப்புப் புகை எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம்தான் அவளுக்கு வாசல்.

நானும் அவளும் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளும் உலக சமயங்களும் படித்தோம். விடுதியில் ஒரே அறை. நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, அவள் திம்புள்ளப் பக்கம். இரண்டு பேரும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள், அதனால் பார்த்தவுடன் ஒட்டிக்கொண்டோம் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதல் மாதம் முழுக்க எனக்கு அவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாம் அந்த முதல் களப்பயணத்தால் வந்தது. மேடம் எங்களை ஒரு விகாரைக்குக் கூட்டிப்போயிருந்தார். வெள்ளை உடுத்திக்கொண்டு, பெரிய ஹாமுதுருவின் முன்னால் பாயில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கேள்வி கேட்டோம். பிக்குவிடம் கேட்பதற்கென்று நிர்வாணம் பற்றி நான் ஒரு கேள்வி தயார்பண்ணிப் போயிருந்தேன். சோறு தண்ணி இறங்காமல் யோசித்த கேள்வி. அதைக் கேட்டுவிட்டு, பெருமையோடு பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். மேடம் என்னைத்தான் முறைத்தார். அறைத்தோழி காணாமல் போனால் அதுவும் என் பொறுப்பாம்!

தேடிப் போனேன். பின்னால், பிக்குகளுக்குத் தானம் சமைக்கிற கொட்டகையில், சிங்கள அம்மாக்கள் நாலைந்து பேருக்கு நடுவில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இன்னொரு தேங்காயை ஒரு அம்மா எடுக்கப்போக, “அம்மே, மம கரன்னம்” என்று பிடுங்கிக்கொண்டாள். நானே செய்கிறேன் என்பது அதன் அர்த்தம். அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி அந்த ஒரு வசனம்தான். அதை வைத்துக்கொண்டே அவள் நாடு முழுக்கச் சுற்றிவந்தாள்.

“இங்க என்னடி பண்ற? அங்க ஹாமுதுரு பேசிக்கிட்டு இருக்காரு!”

“அவரு சொல்றது புக்குல இருக்கும்டி. இந்த அம்மாவோட வீட்டுக்காரர் செத்து இன்னைக்கு மூணாம் மாசத் தானம். அவருக்குப் பொலஸ் கறின்னா உசுராம். ஒறைப்பு கூடிப் போச்சோன்னு அப்பப்ப அழுவுறாங்க. இது எந்தப் புக்குல இருக்கு சொல்லு.”

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, ஒரு கரண்டி பலாக்காய்க் கறியை என் உள்ளங்கையில் வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, உறைப்பு கூடித்தான் போயிருந்தது.

அவள் ஆள் குள்ளம். நடை வேகம். கைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு சின்னக் கத்தி இருக்கும். போன இடத்தில் கத்திக்குக் காத்திருக்கக் கூடாதாம். நோன்புக் காலத்தில் பள்ளிவாசலில் கஞ்சிக்கு இஞ்சி தட்டிக் கொடுப்பாள். மார்கழியில் கோயில் மடப்பள்ளியில் பொங்கலுக்கு முந்திரி உடைப்பாள். கிறிஸ்துமஸ் வந்தால் கேக்குக்குப் பழம் நறுக்குவாள். எங்கள் அறையில் என் புத்தகம், என் தலையணை, என் நல்ல சேலை எல்லாம் வெங்காய வாசம். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கத்தினேன்.

“ஒனக்கு என்ன மதம்னே தெரிய மாட்டேங்குதேடி! என்னதான் நீ?”

“இன்னைக்கா?” என்று கேட்டுவிட்டு, கைவிரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். “இன்னைக்கு முஸ்லிம்னு நெனைக்கிறேன். ஏலக்காய் வருது.”

அதற்கு மேல் எப்படிக் கோபப்படுவது? கட்டிலில் விழுந்து சிரித்தேன். அன்றிலிருந்துதான் நாங்கள் சிநேகிதிகள்.

சர்வதேச உறவுகள் வகுப்பிலும் அவளோடு இதே கதைதான். சண்டையிட்ட இரண்டு நாடுகளின் பேச்சுவார்த்தை ஏன் முறிந்தது என்று சார் ஒருநாள் கேட்டார். நான் எழுந்து அதிகாரச் சமநிலை, எல்லைப் பிரச்சினை, தேசிய நலன் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவள் கையைத் தூக்கினாள்.

“சார், அவங்க மத்தியானம் ஒண்ணா சாப்புட்டாங்களா, தனித்தனியாவா?”

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். “அது பாடத்துல இல்லையே பிள்ளை,” என்றார்.

“அதான் சார் கேக்குறேன்.”

அதற்குப் பிறகு எந்த உடன்படிக்கையைப் படிப்பித்தாலும் கடைசியில் சார் அவள் பக்கம் திரும்பி, “சாப்பாட்டு விவரம் கிடைக்கவில்லை” என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வார். நாங்கள் மேசையைத் தட்டுவோம். அவள் மட்டும் சிரிக்காமல் தலையை ஆட்டுவாள். அவளுக்கு அது விளையாட்டு இல்லை.

பாதமலை அடிவாரத்து நல்லதண்ணிக்கு ஆய்வுக்குப் போனதையும் சொல்ல வேண்டும். மலை உச்சியில் இருக்கும் பாதம் சிவனுடையது என்கிறோம் நாங்கள், புத்தருடையது என்கிறார்கள் சிங்களவர்கள், ஆதமுடையது என்று இன்னும் சிலர். வருகிற யாத்திரிகர்களிடம் அதைப் பற்றிக் கேட்டு வரச் சொல்லியிருந்தார்கள். இவள் அடிவாரத்திலேயே நின்றுவிட்டாள். அங்கே ஒரு தன்சலில் வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அகப்பையை வாங்கிக்கொண்டு அடுப்பருகே நின்றவளை அசைக்க முடியவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நான் மட்டும் படியேறி, எல்லாரிடமும் யாருடைய பாதம் என்று கேட்டு, எல்லாரிடமும் ஒவ்வொரு பதிலை வாங்கிக்கொண்டு, முழங்கால் கழன்று இறங்கி வந்தேன்.

ஒரு கோப்பைக் கஞ்சியை என் கையில் திணித்துவிட்டு அவள் சொன்னாள்: “ஏறப் போறவங்க அவங்கவங்க ஆளுங்களோட தனித்தனியாத்தான் ஒக்காந்து குடிக்கிறாங்கடி. எறங்கி வாறவங்க பக்கத்துல யாருன்னே பாக்குறதில்ல. கெடைச்ச எடத்துல விழுறாங்க. எல்லாருக்கும் ஒரே கால் வலி.”

எனக்கும் அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் யாரென்று தெரியாது. அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது அவள் இந்த நாட்டில் இல்லை. எங்கோ ஓர் எல்லைப்புறத்தில், அகதி முகாமில் வேலை. எப்போதாவது குரல்பதிவு அனுப்புவாள். பின்னணியில் பாத்திரம் உருளும், யாரோ தெரியாத பாஷையில் யாரையோ ஏசுவார்கள், நடுவில் இவள் சிரிப்பாள். “பெரிய ஆளுங்க முன்னால கூட்டம் போட்டிருக்காங்கடி. நான் பின்னால இருக்கேன்” என்பாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தோட்டத்தில் அவள் இருந்த அந்த இரண்டு நாள்தான் ஞாபகம் வரும்.

என் அப்பாவும் உபதேசியார் மாமாவும் ஒன்றாக வளர்ந்தவர்கள், தேயிலைத் தொழிற்சாலையில் ஒரே நேர வேலை. எங்கள் தோட்டத்து அந்தோனியார் கோயிலில், பாதர் வராத நாட்களில் ஜெபம் நடத்துகிறவர் மாமா. அப்பா மாரியம்மன் கோயிலே கதியென்று கிடப்பவர். வேலை விட்டால் இரண்டு பேரும் பஜார் கடையில் பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள். அந்த வருஷம்தான் அப்பா முதல் தடவையாகக் கோயில் கமிட்டித் தலைவரானார். மழையால் தள்ளிப்போன தேரை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தார். அதே ஞாயிறுதான் அந்தோனியார் திருநாளும்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லையே! ‘அவன் திருநாள்னா அவன்தானே வந்து சொல்லணும்’ என்று அப்பா இருந்தார். ‘தேதி வைக்கிறவன்தானே வந்து கேக்கணும்’ என்று மாமா இருந்தார். அந்நியனாக இருந்தால் மரியாதைக்காவது கேட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் நோட்டீஸ் அடித்து ஒட்டியாகிவிட்டது. தோட்டத்துக்கு இருப்பதோ ஒரே பாதை, பஸ் வந்தால் ஆள் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டிய பாதை. அதில் தேர் முதலில் போவதா, அந்தோனியார் சுரூபம் முதலில் போவதா?

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா முன்னால், ஊர் ஜனம் முன்னால், இரண்டு பேரும் வார்த்தையை விட்டுவிட்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. ஒரு மாதம். அப்பா பஜார் கடையில் பழக்கதோஷத்தில் இரண்டு பிளேன்டீ சொல்லிவிட்டு, இரண்டையும் தானே குடித்துவிட்டு வருவதாகக் கடைக்காரர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பொலிஸில் அனுமதி கேட்டால், “தெகொல்லம கதா வெலா என்ன” என்றுவிட்டார்கள். இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொண்டு வாருங்கள், சனிக்கிழமைக்குள் வராவிட்டால் இரண்டும் இல்லை.

அம்மா போனில் அழுதார். “திருநா நின்னாக்கூட அடுத்த வருசம் பாத்துக்கலாம். இவுங்க ரெண்டு பேரும் இப்பிடியே செத்துப் போயிருவாங்களோன்னு பயமா இருக்கு. நீ படிக்கிறதே இதைத்தானே? வந்து ஏதாச்சும் பண்ணு.”

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. படித்ததைக் காட்ட வேண்டாமா? அவளையும் இழுத்துக்கொண்டு ஹட்டனில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவளுக்குத் திட்டத்தை விளக்கினேன். நடுநிலையான இடம், சம எண்ணிக்கையில் பிரதிநிதிகள், வட்ட மேசை. அவள் தூங்கிவிட்டாள்.

நடுநிலை இடமாகப் பிள்ளைக் காம்பராவைப் பிடித்தேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற அந்தக் கட்டடம் எல்லாருக்கும் பொது. வட்ட மேசை கிடைக்கவில்லை. குழந்தைகளின் குட்டை நாற்காலிகள்தான் இருந்தன. சனிக்கிழமை காலையில் இரண்டு கமிட்டியும் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தார்கள். அப்பா ஒரு சுவரைப் பார்த்தார், மாமா எதிர்ச் சுவரைப் பார்த்தார். யார் முதலில் பேசுவது என்பதிலேயே தகராறு. நான் புத்திசாலித்தனமாக, “அகர வரிசைப்படி பேசலாமுங்க” என்றேன்.

எங்கள் பக்கத்துப் பொருளாளர் எழுந்துவிட்டார். “அப்பிடின்னா அந்தோனியாரு முன்னால வருவாரு, மாரியம்மா பின்னால போவா. இது என்ன ஞாயம்? ஒங்க கேம்பஸ்ல இதத்தான் சொல்லிக் குடுக்குறாங்களா?”

அத்தோடு என் ராஜதந்திரம் கவிழ்ந்தது. ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். குறிப்பெடுக்கிறேன் என்று வந்தவளைத் தேடினேன். நாற்காலி காலி. அடிப்பாவி! எங்கே போயிருப்பாள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? தலையில் அடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

தோட்டத்திலுள்ள பெரிய அண்டாக்கள் எல்லாம் பிள்ளைக் காம்பராவின் பின்கட்டில்தான் இருக்கின்றன. மறுநாள் சமையலுக்கு அவற்றைக் கழுவ இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் என் அம்மா கூட்டம், மறுபக்கம் மாமாவின் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், அவர் கூட்டம். நடுவில் இவள், ஆளுயரப் பூசணிக்காயைக் கட்டிப்பிடித்து அறுத்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு நீங்கள்லாம் எந்த நேரத்துல எங்க நிப்பீங்க?” என்று சாதாரணமாகக் கேட்டாள். “சொன்னீங்கன்னா அங்க டீ கொண்டாந்து குடுத்துருவேன்.”

அத்தை அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்தினார். சாம்பல் கையோடு அம்மாவைப் பார்த்தார்.

“நான் காலையில தேருக்கு முன்னால நிக்கணும். பால்கொடம் எடுக்குறேன்னு நேந்துக்கிட்டேன். சின்னவனுக்கு அம்மை போட்டிருந்தப்ப, கண்ணு போயிரும்னு சொன்னப்ப. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதுங்க. உபதேசியார் பொண்டாட்டி பால்கொடம் தூக்குனா என்ன சொல்லுவாங்களோ.”

அம்மா அழுக்குத் துணியைக் கீழே போட்டார். “எனக்கும் ஒண்ணு இருக்குங்க அண்ணி. இந்தக் கழுதைக்குக் கேம்பஸ் கெடைச்சா அந்தோனியாருக்கு ஒரு கூடை அப்பம் வைக்கிறேன்னு நேந்தேன். திருநா அன்னைக்குத்தான் குடுக்கணும். இவுங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா, அப்ப மாரியம்மா கைவிட்டாளான்னு கேப்பாரு.”

நான் வாயைப் பிளந்தேன். நான் ராப்பகலாகப் படித்துப் பாஸ் பண்ணியதாக அல்லவா அதுவரைக்கும் நினைத்திருந்தேன்!

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள். ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது அந்தோனியாரால். இன்னொருத்தியின் புருஷன் குடியை விட்டது மாரியம்மனால். இந்தப் பக்கத்து நேர்த்தியெல்லாம் அந்தப் பக்கத்தில், அந்தப் பக்கத்து நேர்த்தியெல்லாம் இந்தப் பக்கத்தில். ஒரே நேரத்தில் இரண்டு ஊர்வலமும் போனால் யாருமே கடனைத் தீர்க்க முடியாது. அழுகையும் சிரிப்புமாக அந்தப் பின்கட்டே அமளிப்பட்டது.

“அப்ப ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு போனாத்தானே ஒங்களுக்குச் சரி?” என்று கேட்டுக்கொண்டே அவள் பூசணி விதையை வழித்துப் போட்டாள். வேறு எதுவும் அவள் சொல்லவில்லை. மிச்சத்தை அவர்களே முடித்தார்கள். பால் திரிவதற்குள் குடம் போக வேண்டும், அதனால் விடிந்ததும் தேர். பாதர் வர எப்படியும் பத்தாகும், அதனால் பிறகு பூசையும் சுரூபமும். விரதக்காரர்கள் இருப்பதால் மத்தியானம் எல்லாருக்கும் மரக்கறிச் சாப்பாடு. கோழியை அவரவர் வீட்டில் இரவு பார்த்துக்கொள்ளலாம்.

ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் எல்லாரும் முன்பக்கம் போனார்கள். அத்தைதான் முன்னால். குட்டை நாற்காலியில் இருந்த மாமாவின் எதிரில் நின்று, பால்குடத்தைப் பற்றிச் சொன்னார். மாமா அத்தையின் காலைப் பார்த்தார்.

“வெறுங்காலோடதானே நடக்கணும்? பாதையெல்லாம் கல்லாக் கெடக்கே,” என்றார்.

“பாதையக் கூட்டச் சொல்றேன்,” என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

அன்று சாயங்காலமே அனுமதி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பனிமூட்டத்துக்குள் தப்பு மேளம் அதிர, தேர் புறப்பட்டது. அத்தை மஞ்சள் சேலையில் குடத்தோடு முன்னால் நடந்தார். மாமா ஓரமாகக் கூடவே வந்தார், கால் வைக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டு. பத்து மணிக்கு மேல் மணியடித்துச் சுரூபம் வந்தது. அம்மாவின் அப்பக் கூடையை அப்பாவே தலையில் சுமந்து போனார். இரண்டும் நல்லபடியாக முடிந்தன. சனம் பூரித்துப் போனது. ஆனால் அந்த இரண்டு மனிதர்களும் மட்டும் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கூடையை இறக்கும்போது மாமாதான் கை கொடுத்தார். அப்போதும் வாய் திறக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரெல்லாம் சேர்ந்து என்ன பிரயோசனம்?

மத்தியானம் மாரியம்மன் கோயில் முன்னால் கொட்டகையில் பந்தி. முதல் பந்தியில் ஆம்பளைகளும் பெரியவர்களும்தான் உட்காருவது வழக்கம். அப்பா திடீரென்று, “அந்தத் திம்புள்ளப் புள்ள எங்க? கூட்டியாங்க இங்க,” என்று சத்தம் போட்டார். பின்னால் அகப்பை கழுவிக்கொண்டிருந்தவளை என் அம்மா ஒரு கையும் அத்தை ஒரு கையுமாக இழுத்து வந்தார்கள். “ஐயோ, வேணாங்க, நான் அங்கயே சாப்புட்டுக்குறேன்” என்று அவள் திமிறியதைப் பார்க்க வேண்டுமே! எத்தனை கோயில், எத்தனை பந்தி! அவள் முன்வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முகமெல்லாம் கரி. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

சாம்பார் வாளியோடு மாமாதான் முதலில் அவளிடம் வந்து சேர்ந்தார். அவசரத்தில் கரண்டியை முக்கி எடுத்தும்விட்டார். தட்டில் ஒரு பருக்கை சோறு இல்லை. அந்தக் கோடியிலிருந்து சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“சோறு போடாம சாம்பார எங்கடா ஊத்துவ? தள்ளுடா அங்குட்டு!”

பந்தி முழுக்கக் கை நின்றது. சொன்ன பிறகுதான் அப்பாவுக்கே உறைத்தது. மாமா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டிக்கொண்டிருந்தது.

“சரிடா,” என்றார் மாமா. “நீயே முதல்ல போ. நான் பின்னால வாறேன்.”

அப்பா சோறு போட்டார். பாதி தட்டுக்கு வெளியே விழுந்தது. மாமா ஊற்றினார். அப்பா இன்னும் போட்டார், மாமா இன்னும் ஊற்றினார். “போதுங்க, போதுங்க” என்று அவள் இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் கேட்பதாக இல்லை.